துப்பறியும் நாவலும் நமது மக்களும்

சிதம்பரம் - விருத்தாசலம் ரஸ்தாவும், கடலூர் - கும்பகோணம் ரஸ்தாவும் குறுக்கிடுகின்ற சேத்தியாத்தோப்பில், மாலை வேளைகளில் தோழர்கள் சிலர் கூடிப் பத்திரிகை படிப்பதும் படித்ததைப் பற்றித் தர்க்கம் செய்வதும் வழக்கம். கரும்பு ஆலைக்கு லோடு கொண்டு வந்தவர்கள், வெள்ளாற்று அணைப் பக்கத்திலிருந்து உரம் வாங்க வந்த குடியானவர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் இருவர் ஆகிய எல்லோரும் அதில் சேர்ந்திருப்பார்கள். சென்ற மாதம் இங்கிலீஷ் படித்த தோழர் ஒருவர், ஒரு துப்பறியும் நாவலைத் தினம் கொஞ்சமாகப் பத்து நாள் வரையில் தமிழில் சொல்லி முடித்தார். கதை முடிந்த அன்று கேட்டவர்கள் சொன்ன அபிப்பிராயங்கள்தான் இதை எழுதும்படி நம்மைத் தூண்டின. கதை கேட்டதில் தவறில்லை. ஆனால், கேட்ட கதையிலிருந்து நம் மக்கள் எதை எடுத்துக் கொண்டார்கள், எதைக் கீழே போட்டுவிட்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கதை என்ன?

வில்கி காலின்ஸ் என்னும் வெள்ளைக்காரர் 1868-ம் வருஷத்தில் எழுதிய "மூன்ஸ்டோன்", அதாவது சந்திரக்கல் என்னும் நாவல் அது. லண்டன் ஸ்காட்லண்டு யார்டு போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் துப்புத் துலக்குவதாக எழுதப்பட்ட ஆதி நாவல்களில் பெயர் பெற்றது. சோமநாதபுரத்துச் சந்திர விக்கிரகத்தின் நெற்றியிலிருந்த வைரம், கை மாறிக் கை மாறித் திப்பு சுல்தானிடம் வந்து, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் பிடிபட்ட நாளில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரியால், காவல் நின்றவர்களைக் கொன்று கொள்ளையடிக்கப்படுகிறது. அவன் சாகும்போது அதைத் தன் சகோதரி மகள் ரேச்சல் என்பவளுக்கு எழுதி வைக்கிறான். 1848-ல் அவள் பிறந்த நாளன்று கல் அவள் கைக்கு வருகிறது. அன்று இரவே காணாமற் போகிறது. வைரத்தைத் திரும்பக் கொண்டு போவதற்காகவே கடல் கடந்து வந்த மூன்று பார்ப்பனர்கள் கழைக்கூத்தாடி வேஷத்தில் அவ்வூரில் சுற்றிக் கொண்டிருக்கிறார்கள்.

உள்ளூர்ப் போலீஸ் சூப்பரிண்டெண்டு சீகிரேவ் என்பவன் வந்து வேலைக்காரர்களையெல்லாம் திருடர்களாகப் பாவித்து அதட்டி உருட்டிக் காரியத்தைக் கெடுக்கிறான். பிறகு லண்டனிலிருந்து சார்ஜெண்டு கஃப் வருகிறார். கதவில் புதிதாய் அடித்த வர்ணம் ஓரிடத்தில் கலைந்திருப்பதைப் பார்த்து, "இந்த வர்ணம் எவருடைய துணியில் ஒட்டியிருக்கிறதோ அந்தத் துணியைத் தேடு" என்கிற முறையில் ஆரம்பிக்கிறார். முடிவில் திருடன் யார் என்றால், தர்ம ஸ்தாபனங்களுக்கெல்லாம் தலைவராய் இருந்து, பெண்கள் சபைகளில் பக்தி ததும்பப் பிரசங்கம் செய்து கொண்டிருந்த காட்பிரே என்னும் கனவான்! பிறர் பணத்தைக் கையாடிவிட்டு அதை ஈடுகட்ட வைரத்தை அடகு வைத்திருந்தான்.

மூன்று அபிப்பிராயங்கள்

கதையைக் கேட்டபின் ஒருவர் சொன்னார்: "பார்த்தீர்களா, சாமி சொத்தைத் தொட்டவன் உருப்படமாட்டான் என்பதை வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான்." இன்னொருவர் சொன்னார்: "அந்த மூன்று பேரும் பையன் கையில் மை ஊற்றிப் பார்த்துத்தானே எல்லாவற்றையும் தெரிந்து கொண்டார்கள்! நம்ம ஊர் மை வேலை லேசானதா?" மூன்றாமவர் சொன்னார்: "இதெல்லாம் என்னத்துக்கு? நாலு பேரைப் பிடித்து நல்லபடி உதைத்தால் கல் தானாக வெளியே வந்திருக்கும்."

தோழர்களே! எழுதினவர் எதைப் பொய்யென்று காட்டுவதற்காகப் பாடுபட்டாரோ, அதையே மெய்யென்று எடுத்துக் கொண்டு எழுந்து போகிற புத்தியை என்னென்று சொல்வது? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

சாமியின் சாபம்

முதலில் சாபம். காவல் நின்றவர்களைக் கொன்று கல்லை எடுத்தவன் யார்? பட்டாளத்துக்காரன். அவனுக்கு என்ன வந்தது? ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் உயிரோடிருந்து, கிழவனாகிப் படுக்கையில்தான் செத்தான். அந்தக் கதையில் அநியாயமாய் உயிர் விட்டவள் யார்? ரோசன்னா என்னும் வேலைக்காரப் பெண். முன்னொரு காலத்தில் திருடி ஜெயிலுக்குப் போய்த் திருந்தி வந்தவள் என்ற ஒரு காரணத்துக்காகவே சந்தேகம் முதலில் அவள் பக்கம் திரும்பிற்று. தான் மனத்தில் நேசித்தவனைக் காட்டிக் கொடுக்கக்கூடாதென்று, வர்ணக் கறைபட்ட அவன் அங்கியை ஒளித்து வைத்துவிட்டுப் புதைமணலில் விழுந்து செத்தாள். அவள் அந்த வைரத்தைத் தொடவேயில்லை. கொள்ளையடித்தவனை ஐம்பது வருஷம் விட்டு வைத்து, தொடாத வேலைக்காரியின் தலையில் விழுகிற சாபம் என்ன சாபம் ஐயா? அந்தச் சாபத்துக்குக் கண் உண்டா, இல்லையா?

அன்றியும், அந்தச் சாமிக்குச் சக்தியிருந்தால் மூன்று பேர் கப்பலேறி, வேஷம் போட்டு, ஜாதியை இழந்து, கடைசியில் காட்பிரேயைக் கொலையும் செய்து கல்லைக் கொண்டு போவானேன்? சாமிக்காகச் சமுத்திரம் தாண்டிய குற்றத்துக்காக, கதையின் கடைசியில் அம்மூவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் மூன்று திக்கில் பிரிந்து போகவேண்டியதாயிற்று என்று எழுதியிருக்கிறது. சாமியின் கல் சாமியிடம் வந்தது. கொண்டு வந்தவர்களுக்கு ஜாதி போயிற்று! சாமியை விட ஜாதி பெரிதென்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கதை கிடக்கட்டும். நம் ஜில்லாச் சமாச்சாரத்தைப் பார்ப்போம். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் இருந்த அர்த்தநாரீசுவரர் சிலை களவு போய், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் காட்சிசாலைக்கு 2004-ல் விற்கப்பட்டது. விற்றவன் குருடாகவில்லை, வாங்கினவர் கை விழவில்லை. அந்தச் சிலை எப்படி 2014-ல் திரும்பி வந்தது? புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பல வருஷங்களுக்கு முன் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த போட்டோப் படங்களோடு, காட்சிசாலைச் சிலையைச் சிலர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே நின்றதும் இங்கே நிற்பதும் ஒன்றே என்று ருஜுவாயிற்று. மந்திரமில்லை, குறியில்லை, படத்தைப் படத்தோடு வைத்துப் பார்த்த மனிதக் கண்தான்.

லண்டன் வரையில் போன வழக்கும் உண்டு. தஞ்சைச் சீமைப் பத்தூரில் 1976-ல் பூமிக்கடியிலிருந்து கிடைத்த நடராஜர் விக்கிரகம் கள்ளத்தனமாய் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதை 1982-ல் ஸ்காட்லண்டு யார்டு போலீசார் கைப்பற்றினார்கள். கோர்ட்டில் வழக்கு நடந்து, 1988-ல் கோயில் பக்கம் தீர்ப்பாகி, 1991-ல் விக்கிரகம் திரும்பிற்று. அங்கே சாட்சி சொன்னது யார்? மண்ணையும் உலோகத்தையும் ஒப்பிட்ட நிபுணர்கள். நடராஜர் தாமே வந்து, "நான் பத்தூரான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருஷமும் இத்தனை செலவும் மிச்சமாகியிருக்குமல்லவா?

மை போட்டுப் பார்த்தல்

இனி மை. கதையில் வருவது உண்மைதான். அம்மூவரும் ஒரு சிறு இங்கிலீஷ்காரப் பையனின் உள்ளங்கையில் மை ஊற்றி, "என்ன தெரிகிறது?" என்று கேட்கிறார்கள். நம் தோழர் அதைக் கெட்டியாய்ப் பிடித்துக் கொண்டார். ஆனால் அதே புத்தகத்தில், இந்தியாவெல்லாம் சுற்றி வந்த முர்த்வெய்ட் என்பவர், அந்த மையினால் அவர்களுக்கு ஒரு சேதியும் கிடைக்கவில்லை, கேட்கிறவன் மனத்தில் இருப்பதைத்தான் பையன் திருப்பிச் சொல்கிறான், அவர்கள் சேதி அறிந்ததெல்லாம் ஆள் வைத்து விசாரித்துத்தான் என்று பச்சையாய் எடுத்துச் சொல்கிறாரே, அது மட்டும் ஏன் காதில் விழவில்லை?

முர்த்வெய்ட் சொன்னது உண்மை என்பதற்கு நானே சாட்சி. இதுவரை நான் வெளியில் சொல்லாத விஷயம் அது. வீராணத்து ஏரிப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்தில் எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பெரிய வீடு ஒன்றில் சங்கிலி காணாமற் போய்விட்டது. மைக்காரனைக் கூட்டி வந்தார்கள். குழந்தைக் கண்ணுக்குத்தான் தெரியுமென்று என்னைக் குளிப்பாட்டி உட்கார்த்தி, வெற்றிலையில் மையைத் தடவிக் கையில் கொடுத்தார்கள். எனக்கு விளக்கின் வெளிச்சமும் என் மூக்கும் தெரிந்தன. "என்னடா தெரியுது?" என்றான். "ஒண்ணும் தெரியலை" என்றேன். கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "நல்லாப் பாருடா. கறுப்பா ஒரு பொம்பளை தெரியுதா?" என்றான். தெரிகிறது என்றேன். "தலையிலே கூடை இருக்குதா?" இருக்கிறது என்றேன். "தெற்கே பார்த்துப் போறாளா?" போகிறாள் என்றேன். என்னை மெச்சிக் கையில் வாழைப்பழம் கொடுத்தார்கள்.

தெற்கே இருந்தது சேரி. கூடையெடுத்து அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளினவள் ஒருத்திதான். அவளை அழைத்து வந்து நடுத்தெருவில் நிறுத்தி, பேசத் தகாததெல்லாம் பேசி, மடியை உதறச் சொல்லி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். சத்தியம் செய்தாள். "பொய்ச் சத்தியம்" என்றார்கள். அந்த வாரமே அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனாள். நாலைந்து மாதம் கழித்து அந்த வீட்டு மூத்த மகனின் பெட்டியிலிருந்து அடகுக்கடைச் சீட்டு வெளிப்பட்டது. சங்கிலியை மீட்டார்கள். அவளை மீட்க ஒருவரும் போகவில்லை. மைக்காரன் வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை; "கிரகம் மறைத்துவிட்டது" என்று சொல்லிவிட்டான். கூடையைப் பார்த்ததாகச் சொன்ன பையனை ஒருவரும் கேட்கவுமில்லை.

தோழர்களே! அந்தப் பெண் பிள்ளையின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. மை கறுப்பல்ல; நம் மனத்திலுள்ள ஜாதிதான் கறுப்பு. திருட்டு என்றவுடன் சேரியைப் பார்க்கிற கண்ணுக்கு, மையிலும் சேரிதான் தெரியும். அஞ்சனத்திலும் சேரிதான் தெரியும்.

பிராது கொடுக்கவும் நமக்குச் சாமி இருக்கிறது. விருத்தாசலத்துக்கு அருகே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், களவு கொடுத்தவரும், கடன் வராதவரும் காகிதத்தில் பிராது எழுதிக் கட்டணம் செலுத்திக் கட்டிவிட்டு வருகிறார்கள். எல்லாம் அறிந்த சாமிக்கு எழுதிக் கொடுத்தால்தான் தெரியுமா? எழுத்துவாசனையற்ற ஏழையின் பிராதை அந்தச் சாமி எடுத்துக் கொள்ளாதா? கையெழுத்து, கட்டணம், காத்திருத்தல் இவ்வளவும் சர்க்கார் கச்சேரியில் உள்ளதுதானே! கச்சேரியைப் பார்த்துச் சாமியைச் செய்தார்களா, சாமியைப் பார்த்துக் கச்சேரியைச் செய்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. கதையிலே பெட்டரெட்ஜ் என்னும் கிழ வேலைக்காரன், எது நடந்தாலும் "ராபின்சன் குரூசோ" புத்தகத்தைத் திறந்து, அகப்பட்ட பக்கத்தில் தனக்குப் பதில் இருப்பதாக நம்புகிறான். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம் வீடுகளில் ராமாயணத்தில் கயிறு சாத்திப் பார்க்கிறவர்கள் இல்லையா? அதைச் செய்தால் பக்தி. வெள்ளைக்காரக் கிழவன் செய்தால் பைத்தியமா?

உதைத்தால் உண்மை வருமா?

மூன்றாவது அபிப்பிராயம் இவ்விரண்டையும் விட ஆபத்தானது. ஏனென்றால் இதற்குச் சாமி வேண்டாம், தடி போதும். நமது நாட்டில் இது புதிதல்ல. 1854-ல் சென்னை ராஜதானியில் சித்திரவதையைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டு, 1855-ல் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் கிட்டி போட்டு நெருக்கியதும், கண்ணில் மிளகாய் இட்டதும் அதில் வெளியாயின. அதனால்தான் 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் உத்தியோகஸ்தரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் எவன் பேரிலும் ருஜுவாகாது என்று விதித்தது. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் 23-வது பிரிவாக அது இருக்கிறது. சட்டம் செய்தவனே தன் போலீசாரை நம்பவில்லை. நம் தோழர் நம்புகிறார்!

இதற்கு மேல், பிறப்பினாலேயே திருடர் என்று ஜாதி ஜாதியாகப் பதிவு செய்து வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே பிறந்து, 1911-ல் நம் ராஜதானிக்கும் வந்தது. சென்னை ராஜ்யத்தில் அது 1947-ல்தான் ரத்தாயிற்று. இந்தியா முழுவதிலும் 1952-ல். சட்டம் போயிற்று, புத்தி போயிற்றா? நமக்கு அருகிலுள்ள கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் 1993-ல் நடந்ததை இந்தப் பக்கத்தில் அறியாதவர் உண்டா? நகை களவு என்று சொல்லி முதனை கிராமத்துக் குறவர் வகுப்புத் தொழிலாளி ஒருவரைப் பிடித்துப் போனார்கள். அடியில் உயிர் போயிற்று. "ஓடிப் போய்விட்டான்" என்று எழுதினார்கள். அவர் மனைவி சென்னை ஹைக்கோர்ட்டு வரையில் போய், கே. சந்துரு என்னும் வக்கீல் வாதாடியதால் உண்மை வெளிப்பட்டுப் போலீசார் தண்டனையடைந்தார்கள். 2021-ல் "ஜெய் பீம்" என்னும் சினிமாவாக அதை உலகமே பார்த்துக் கண்ணீர் விட்டது. சினிமாவில் அழுதுவிட்டு, கூட்டுரோட்டில் வந்து "நாலு பேரை உதை" என்கிறோமே, இதற்குப் பெயர் என்ன?

எந்த வெள்ளைக்காரனும் பிறவியிலேயே நியாயவான் என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 1860-ல் ஒரு கனவான் வீட்டில் குழந்தை கொலையுண்டபோது, விச்சர் என்னும் துப்பறியும் இன்ஸ்பெக்டர், காணாமற் போன ஒரு இரவு அங்கியை வைத்து அந்த வீட்டுப் பெண்ணையே சந்தேகித்தார். உழைப்பாளி மகனாகிய ஒரு போலீஸ்காரன் கனவான் மகளைச் சந்தேகிப்பதா என்று பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் அவரைத் தூற்றினார்கள். 1865-ல் அந்தப் பெண்ணே குற்றத்தை ஒப்புக் கொண்டாள். இந்த வழக்கிலிருந்துதான் காலின்ஸ் தம் கதைக்குச் சரக்கு எடுத்தார். கனவான் வீட்டில் குற்றம் இராது, குடிசையில்தான் இருக்கும் என்னும் மூட நம்பிக்கை நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஆனால் அவர்கள் அதைக் கதையாக எழுதிக் கேலி செய்யவாவது கற்றுக் கொண்டார்கள்.

கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது

பின் எதை எடுத்துக் கொள்வது? இரண்டு விஷயங்கள். முதலாவது, சார்ஜெண்டு கஃப் தவறினார். ரேச்சலையே கள்ளி என்று நினைத்தார். வேலைக்காரியை உடந்தை என்று நினைத்தார். பிறகு தாம் தவறியதை ஒப்புக் கொண்டு, பென்ஷன் வாங்கி ரோஜாத் தோட்டம் போட்டுக் கொண்டிருந்தவர் திரும்பி வந்து உண்மையைத் தேடினார். எந்த மைக்காரனாவது, எந்த ஜோசியனாவது "நான் சொன்னது தப்பு, இந்தா உன் பணம்" என்று வந்ததுண்டா?

இரண்டாவது, எஸ்ரா ஜென்னிங்ஸ் என்னும் வைத்திய உதவியாளர் செய்த பரீட்சை. வைரத்தை முதலில் எடுத்த பிளேக் என்பவன், தனக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட அபின் மருந்தின் மயக்கத்தில் நடந்து எடுத்தான் என்று ஜென்னிங்ஸ் யூகித்தார். யூகித்ததோடு நில்லாமல், சாட்சிகளை வைத்துக்கொண்டு, அதே வீட்டில், அதே மருந்தைக் கொடுத்து, மறுபடி நடக்கிறதா என்று பார்த்தார். நடந்தது. "நான் சொல்கிறேன், நம்பு" என்பது மதம். "நான் செய்து காட்டுகிறேன், பார்" என்பது பகுத்தறிவு. கதையின் சாரம் இவ்வளவுதான்.

நம் தமிழிலும் துப்பறியும் நாவல்களுக்குக் குறைவில்லை. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-லேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைக் கொண்டு வந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆனந்தசிங்கை உலாவவிட்டார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்ததோடு, "சந்திரகாந்தா"வில் மடத்துப் பண்டாரசன்னதியின் யோக்கியதையையும் வெளியாக்கினார். அதற்காக அவரைப் பாராட்டவேண்டும். வடுவூர் துரைசாமி ஐயங்காரோ துப்பறிவதற்குக்கூட ஒரு சாமியாரையே, திகம்பர சாமியாரையே நியமித்தார்! நம் நாட்டில் மூளைக்கும் காவி கட்டினால்தான் மரியாதை போலும். எப்படியோ, இத்தனை நாவல்களையும் ராத்திரி விளக்கெரியப் படித்தவர்கள், மறுநாள் ஒரு சொம்பு காணாமற் போனால் குறி கேட்கத்தானே ஓடினார்கள்? விரல் ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் ஆபீஸ் 1897-ல் நம் கல்கத்தாவில்தான் ஏற்பட்டது. ஸ்காட்லண்டு யார்டுக்காரர்கள் அந்த முறையை 1901-ல் எடுத்துக் கொண்டார்கள். நம் விரலை வைத்து அவர்கள் படித்தார்கள். நாம் இன்னும் விரலில் மோதிரம் போட்டுச் சனியைத் தடுத்துக் கொண்டிருக்கிறோம்.

துப்பறியும் கதைக்கும் நமது மதக் கதைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். துப்பறியும் கதை, கடைசிப் பக்கத்திலாவது ரகசியத்தைச் சொல்லித் தீரவேண்டும். சொல்லாவிட்டால் படித்தவன் புத்தகத்தை வீசியெறிவான். பக்கத்தில் சிதம்பரத்தில் திரையை விலக்கி வெட்டவெளியைக் காட்டி "ரகசியம்" என்கிறார்கள்; கன்னத்தில் போட்டுக் கொண்டு திரும்புகிறோம். நாலணா நாவலிடம் கேட்கிற கணக்கை நம் வாழ்வை ஆளுகிறவர்களிடம் ஏன் கேட்பதில்லை?

ஆகவே தோழர்களே, நாவல் படியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் தெருவில் நாளைக்கு ஒரு நகை காணாமற் போனால், முதலில் அடகுச் சீட்டைத் தேடுங்கள், வீட்டுக்குள்ளே தேடுங்கள், யார் எப்போது எங்கே இருந்தார் என்று விசாரியுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். மைக்காரனைக் கூப்பிடாதீர்கள். சேரியைப் பார்க்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் வெற்றிலையைக் கொடுத்து ஒரு பெண்ணின் மானத்தை வாங்காதீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும், வாங்கித் தின்ற வாழைப்பழம் ஜீரணமாகாது.